வாணிகமும் பட்டைக் குறியும்

பண்டங்களுக்குக் குறியிடும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் வந்திறங்கிய சரக்கின் மீதும், அங்கிருந்து கலமேறிய சரக்கின் மீதும் சோழனுடைய சுங்கத்தார் புலி முத்திரை பொறித்தனர் என்பதனைப் பட்டினப்பாலை கற்ற மாணவர் அறிவர். அத்துணைத் தொலைவு செல்லவும் வேண்டுவதில்லை. நம் விடுதியில் வாழ்ந்த பழைய மாணவர் தம் சட்டைக் கழுத்தின் உட்புறத்தைச் சற்றே நினைவுகூர்வாராக. சலவைக்குச் சென்று மீண்ட ஒவ்வொரு துணியிலும் சேங்கொட்டைச் சாற்றால் இட்ட இரண்டு புள்ளியோ, ஒரு கோடும் ஒரு புள்ளியுமோ காணப்படும். எத்தனை முறை வெளுப்பினும் அக்குறி போகாது. அதனைப் படிக்க நாம் அறியோம். படிக்க முயலினும் அதனுள் நம் பெயர் இல்லை. இன்ன குறி இன்னார் துணிக்குரியது என்னும் அறிவெல்லாம் சலவை செய்வார் நெஞ்சகத்தே இருந்தது. குறி துணியில், அதன் பொருள் அவரிடத்தில்.

இக்காலத்துக் கடைகளிற் சோப்பு முதல் சீயக்காய்த் தூள் ஈறாக எப்பொருளை எடுத்துத் திருப்பினும், ஒரு மூலையிற் கருங்கோடுகள் சில தடித்தும் சில மெலிந்தும் நெருங்கி நிற்கக் காண்கிறோம். அதனைப் பார்கோடு என்பர். பட்டைக் குறி என்று தமிழிற் கூறலாம். கடைக்காரர் அதனைக் கருவியின் செவ்வொளிக்கு முன் ஒருமுறை காட்ட, பொருளின் பெயரும் விலையும் திரையில் எழுகின்றன. இதனைக் கண்ணுற்ற பலர், அக்கோடுகளுக்குள்ளே விலை எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணுகின்றனர். கற்றறிந்த நண்பர் சிலரும் எம்மிடம் அங்ஙனமே வாதித்ததுண்டு. உண்மை அதுவன்று. சட்டைக் கழுத்தின் புள்ளியைப் போலவே பட்டைக் குறியும் பொருளுக்கு இட்ட ஒரு பெயரேயாம். விலை வேறோரிடத்தே, கடைக்காரருடைய கணிப்பொறியில், அவர் எழுதி வைத்தபடி இருக்கின்றது. இவ்வேறுபாடு சிறியது போலத் தோன்றும். ஆயினும் வாங்குவோனும் விற்போனும் செய்யும் வழக்கு முழுவதும் இதனையே பற்றி நிற்கின்றது.

இக்குறியின் வரலாறு மாணவர்க்கு உவப்பளிப்பதாகும். என்னை? அது ஒரு கல்லூரியிற் காதில் விழுந்த பேச்சிலிருந்து பிறந்தது. 1948-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரத்து டிரெக்சல் தொழில்நுட்பக் கழகத்திற்கு மளிகைக் கடைகள் பல உடைய ஒரு நிறுவனத்தின் தலைவர் வந்தார். விற்கும் பொருள் இன்னதென்பதைக் கல்லாவண்டை தானாகவே அறியும் வழியை ஆராய்ந்து தருமாறு அக்கழகத்து முதல்வர் ஒருவரை வேண்டினார். முதல்வர் இசையவில்லை. அவ்வுரையாடல் ஆங்கு மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த பெர்னார்டு சில்வர் என்பாருடைய செவியிற் பட்டது. அவர் தம் நண்பர் நார்மன் ஜோசப் உட்லண்டிடம் அதனை உரைத்தார். உட்லண்டுக்கு அவ்வெண்ணம் பற்றிக்கொண்டது. அவர் ஊரை விட்டு, புளோரிடாவிலுள்ள மயாமிக் கடற்கரையில் தம் பாட்டனார் இல்லத்திற்குச் சென்று தங்கினார். சாரணர் இயக்கத்தில் இருந்தபோது அவர் கற்ற குறியீட்டு முறை ஒன்றே ஒன்று. அது தந்தியில் வழங்கும் மார்ஸ் முறை. ஒரு நாள் மணலில் அமர்ந்தவர் அம்முறையின் புள்ளிகளையும் சிறு கோடுகளையும் விரலாற் குத்தி, பின்னர் அவ்விரல்களை அப்படியே தம்மை நோக்கி இழுத்தார். புள்ளி மெல்லிய கோடாயிற்று. சிறு கோடு தடித்த பட்டையாயிற்று. பட்டைக் குறியின் பிறப்பு அதுவே.

நண்பர் இருவரும் 1949 அக்டோபர் 20-ஆம் நாள் விண்ணப்பம் செய்து 1952 அக்டோபர் 7-ஆம் நாள் காப்புரிமை பெற்றனர். ஆனால் அக்காலத்தில் அதனைப் படிக்கத் தக்க ஒளி இல்லை. அவர்கள் செய்த முதற் கருவி ஒரு மேசையளவு பெரிதாயிருந்தது. 500 வாட்டு விளக்கு ஒன்று அதனுள் எரிந்தது. அதன் வெம்மையாற் குறி எழுதிய தாளே புகையத் தொடங்கிற்று. 1960-இல் லேசர் ஒளி தோன்றிய பின்னரே அத்தடை நீங்கலாயிற்று. சில்வர் 1963-இல் இளவயதிலேயே இறந்தமையால் தம் எண்ணம் கடைக்கு வந்ததைக் காணும் பேறு பெற்றாரல்லர். உட்லண்டு 2012 வரை வாழ்ந்தார்.

முதலில் அவர்கள் விரும்பிய வடிவம் நேர்கோடுகளன்று. ஒன்றனுள் ஒன்றாய் அமைந்த வட்டங்கள். வட்டத்தை எப்பக்கமிருந்தும் படிக்கலாமன்றோ? எனினும் அச்சுக்கூடத்தில் அஃது இடர்ப்பட்டது. தாள் ஓடும் திசையில் மை சற்றே இழுபட்டால் வட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். நேர்கோட்டில் அவ்விழுப்புக் கோட்டின் நீளத்தைக் கூட்டுமேயன்றி அதன் அகலத்தைக் கெடுக்காது. ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லாரர் என்பவர் வகுத்த நேர்கோட்டு முறையை அமெரிக்க மளிகை வாணிகர் குழு 1973 ஏப்ரல் 3-ஆம் நாள் ஏற்றுக்கொண்டது. அதற்கடுத்த ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் ஒஹையோ மாநிலத்து டிராய் என்னும் ஊரில், மார்ஷ் என்ற கடையில், 67 செண்டு விலையுள்ள ரிக்லி நிறுவனத்துச் சூயிங்கம் பொதி ஒன்று முதன்முதலாக ஒளிக்கு முன் காட்டப்பட்டது. உலக வாணிகத்தை மாற்றிய முதற் சரக்கு வாயில் இட்டு மெல்லும் பிசினாக அமைந்தது வேடிக்கையே.

நிற்க. நம் நாட்டுப் பொருள் ஒன்றின் குறியை நுணுகி நோக்குவோம். கோடுகளின் கீழே 13 இலக்கங்கள் உள்ளன. குறியின் முழு அகலத்தையும் 95 சம கூறுகளாகப் பகுத்துக்கொண்டால், இரு ஓரங்களிலும் மும்மூன்று கூறுகள் எல்லைக் கோடுகளுக்கும், நடுவே 5 கூறுகள் பிரிப்புக் கோட்டிற்கும் உரியன. எஞ்சியவற்றில், முதல் இலக்கம் நீங்கலாக, ஒவ்வோர் இலக்கத்திற்கும் ஏழேழு கூறுகள். ஏழு கூறுகளுக்குள் இரண்டு கருமையும் இரண்டு வெண்மையும் வெவ்வேறு அகலத்தில் அமைய, அவ்வமைப்பே இலக்கத்தைச் சொல்லும். கருமை ஒளியை விழுங்கும். வெண்மை அதனைத் திருப்பியனுப்பும். திரும்பிய ஒளியின் ஏற்றத்தாழ்வை ஸ்கேனர் என்னும் கருவி மின்னோட்டமாக மாற்றிக் கொள்ளும். ஆகவே அக்கருவி கோடுகளைப் படிப்பதோடு அவற்றிடைப்பட்ட வெளிகளையும் படிக்கின்றது. பொருளைத் தலைகீழாகக் காட்டினும் பிழை நேராது. இடப் பாதியின் அமைப்பும் வலப் பாதியின் அமைப்பும் வேறாயிருத்தலின் எது தலை, எது கால் என்று கருவி உணர்ந்துகொள்ளும். எல்லைக் கோடுகள் ஆறு என்னும் இலக்கத்தின் சாயலைச் சிறிது பெற்றிருத்தலால், வெளிப்படுத்தின விசேஷத்திற் கூறிய 666 இதுவே என்று அஞ்சினாரும் உளர். அவ்வெல்லைக் கோடு எவ்விலக்கத்தையும் குறிப்பதன்று. லாரர் தாமே அவ்வச்சத்தைப் பலகால் மறுத்துரைத்தார்.

கடைசி இலக்கம் காவலன் போன்றது. மாதிரிக்காக 890123456784 என்னும் பன்னிரண்டு இலக்கங்களை எடுத்துக்கொள்வோம். இடமிருந்து எண்ண, ஒற்றைப்பட்ட இடங்களில் நிற்கும் 8, 0, 2, 4, 6, 8 ஆகியவற்றைக் கூட்ட 28 ஆகும். இரட்டைப்பட்ட இடங்களில் நிற்கும் 9, 1, 3, 5, 7, 4 ஆகியவற்றைக் கூட்டிய 29-ஐ மூன்றாற் பெருக்க 87. இரண்டும் சேர்ந்து 115. அடுத்த பத்தின் மடங்காகிய 120-க்குக் குறைவது 5. அந்த 5-ஏ பதின்மூன்றாம் இலக்கம். கையால் எண்ணை இடுவார் 3-ஐயும் 4-ஐயும் இடம் மாற்றிவிட்டால் கூட்டுத்தொகை 117 ஆகிவிடும். ஈற்றில் 3 வர வேண்டிய இடத்தில் 5 நிற்கக் கண்டு கணிப்பொறி மறுத்துவிடும். ஓர் இலக்கம் மட்டும் பிழைபட்டால் எப்பொழுதும் அகப்படும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் பெரும்பாலும் அகப்படும். 1-உம் 6-உம் போல ஐந்து வேறுபாடுள்ளவை மாறினால் மட்டும் காவலன் கண்ணயர்ந்துவிடுவான். அது ஏன் என்பதைக் கணித மாணவர் தாமே செய்து பார்க்கலாம்.

முதலில் நிற்கும் 890 என்பதைக் கொண்டு, இப்பொருள் இந்தியாவிற் செய்யப்பட்டது என்று கூறுவார் பலர். அதுவும் பிழையே. 1996-இல் தொடங்கி இப்பொழுது ஜிஎஸ்1 இந்தியா என வழங்கும் அமைப்பிடம் எண் பெற்ற நிறுவனத்துப் பொருள் என்பதே அதன் கருத்து. அந்நிறுவனம் தன் பண்டத்தை எந்நாட்டிலும் செய்விக்கலாம். நூல்களின் பின்னட்டையில் உள்ள 978 எந்நாட்டையுமே குறிப்பதன்று. இஃது ஒரு புத்தகம் என்று மட்டுமே உரைக்கும்.

இதனால் வாணிகத்திற்கு விளைந்த நன்மை யாது? பள்ளி மாணவரும் வரிசையிட்டுச் சொல்லக்கூடிய நன்மைகளை விடுத்து, யாம் கண்ட ஒன்றையே கூறுவோம். எம் தந்தையார் தாமிரபரணிக் கரையிலுள்ள சிற்றூரில் மளிகைக் கடை வைத்திருந்தார். சித்திரை முதல் நாளிற் புதுக்கணக்குத் தொடங்குமுன் சரக்கிருப்பு எடுத்தாக வேண்டும். பங்குனிக் கடைசியில் மூன்று இரவு கடை அடைத்த பின் வீட்டார் அனைவரும் அமர்ந்து எண்ணுவோம். தமையனார் பரண்மேல் ஏறிச் சொல்ல, யாம் கீழிருந்து எழுத, அன்னையார் டப்பாக்களைத் துடைத்து வைப்பார். ஆண்டுதோறும் பரணின் இருண்ட மூலையிலிருந்து, கட்டி தட்டிய பால்மாவும் துருவேறிய டப்பாக்களும் வெளிப்படும். அவற்றைக் கண்டதும் தந்தையார் ஒன்றும் பேசாது வெற்றிலைப் பெட்டியை எடுப்பார். போன ஆவணியில் அப்பால்மாவை மீண்டும் பத்து டப்பா கொள்முதல் செய்தவர் அவரே. பரணில் எட்டு டப்பா உறங்கியது அவருக்குத் தெரியாது. அந்நாளைய சிறு வாணிகரின் முதலை அரித்த கறையான் கடனைக் காட்டிலும் இவ்வறியாமையே என்று யாம் துணிவோம்.

பட்டைக் குறி அந்த இருண்ட மூலையில் விளக்கேற்றி வைத்தது. ஒரு பொருள் வந்திறங்கும்போதும், விற்கும்போதும் அதன் பெயர் பதிவாகின்றமையால், எத்தனை இருப்பு, எது ஓடுகின்றது, எது உறங்குகின்றது என்பன அன்றன்றே தெரிகின்றன. பத்துக்குக் குறைந்தால் கொள்முதல் செய் என்று முன்னரே கட்டளையிட்டு வைக்கலாம். திரையிற் பன்னிரண்டும் பலகையில் ஒன்பதும் இருந்தால் மூன்று களவு போயின, அல்லது எலிக்கு இரையாயின என்று அறியலாம். பெயர் ஒன்றாயினும் எடை வேறாயின் எண்ணும் வேறு. ஆகவே நூறு கிராம் பொட்டலமும் கால் கிலோப் பொட்டலமும் கணக்கிற் கலவா. ஆண்டு முடிவில் எண்ணிப் பார்ப்பது இன்றும் வேண்டற்பாலதே. ஆனால் அன்றைக்கு எண்ணியது என்ன இருக்கிறதென்று அறிவதற்கு. இன்றைக்கு எண்ணுவது கணக்குச் சரிதானா என்று பார்ப்பதற்கு.

இனி, விலையைப் பற்றிய வழக்கிற்கு வருவோம். எம் தந்தையார் ஒவ்வொரு டப்பாவின் அடியிலும் பென்சிலால் விலை எழுதி வைப்பார். வாங்குவோர் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். பட்டைக் குறி வந்தபின் அவ்வாறு எழுதும் உழைப்பு வேண்டாததாயிற்று; பலகையின் விளிம்பில் ஒரு சீட்டு ஒட்டினாற் போதும் என்றாயிற்று. இங்கேதான் இடுக்கண் தோன்றுகின்றது. பலகைச் சீட்டு ஒருவர் கையில். கணிப்பொறி வேறொருவர் கையில். சென்ற ஆண்டு எம் நகரத்துப் பெருங்கடை ஒன்றில் யாம் வரிசையில் நின்றபோது, எமக்கு முன்னின்ற மூதாட்டி ஒருவர் எண்ணெய்ப் பொட்டலம் ஒன்றை வாங்கினார். பலகையில் 118 ரூபாய் எனக் கண்டிருந்தது. பில்லில் 131 ரூபாய் என வந்தது. அவர் வினவ, கல்லாவில் இருந்த இளைஞர், "கம்ப்யூட்டர் அப்படித்தாம்மா காட்டுது" என்றார். மூதாட்டி சற்றும் தயங்காமல், "கம்ப்யூட்டர்ல வெலைய எழுதினது ஆரு?" என்றார். வரிசையில் நின்ற பட்டதாரிகள் எவருக்கும் தோன்றாத கேள்வி அது. இளைஞர் மேலாளரை அழைத்துவர, சலுகை முடிந்தும் பலகைச் சீட்டை எவரும் மாற்றவில்லை என்பது தெளிந்தது. அவ்வம்மையார் 118 ரூபாயே கொடுத்துச் சென்றார். யாம் எம் பில்லை அங்கேயே நின்று முதன்முறையாக முழுதும் படித்தோம்.

அம்மூதாட்டி வினவியதையே அமெரிக்க மக்கள் 1970-களிலேயே வினவினர். மிச்சிகன் மாநிலம் 1976-இல் ஒரு சட்டம் இயற்றிற்று. ஒவ்வொரு பொருளின் மீதும் விலை எழுதப்படல் வேண்டும். எழுதிய விலைக்கு மேல் கருவி கணக்கிட்டுப் பணம் வாங்கிவிட்டால், மிகுதியைத் திருப்பித் தருவதோடு அம்மிகுதியின் பத்து மடங்கும் தரல் வேண்டும். அது ஒரு டாலருக்குக் குறையாமலும் ஐந்து டாலருக்கு மேற்படாமலும் இருக்கும் என்று அது விதித்தது. பொருள்தோறும் எழுதவேண்டும் என்னும் விதியை 2011-இல் நீக்கினர். பலகையிற் காட்டினாற் போதும் என்றனர். பத்து மடங்கு விதியை மட்டும் நீக்கவில்லை. நம் நாட்டில், அடைத்து விற்கும் பண்டங்களின் மேல் வரிகள் அனைத்தும் அடங்கிய உச்ச விலையை அச்சிட வேண்டும் என்பது சட்டம். ஆகையால், குறியை நாம் படிக்க இயலாதாயினும், அதனருகே எழுத்தில் ஒரு வரம்பு நமக்கு உண்டு. ஆயினும் அவ்வரம்பு கூரையே, தரையன்று. கூரைக்குக் கீழே பலகை ஒன்று சொல்லக் கணிப்பொறி வேறொன்று சொன்னால், கேட்க வேண்டியவர் நாமே. கடையிலேயே நிறுத்துக் கட்டும் அரிசி, காய் முதலியவற்றின் சீட்டு இதற்கு விலக்கு. அவற்றில் 2 என்னும் இலக்கத்தில் தொடங்கும் குறியைக் கடைக்காரர் தாமே அச்சிடுவர்; அதனுள் எடையோ விலையோ உண்மையாகவே அடங்கியிருக்கும்.

வாங்குவோர் பக்கம் இது. விற்போருள்ளும் சிறியவர்க்கு இக்குறியால் வரும் தொல்லை வேறு. எம் அண்ணியார் அண்டை வீட்டுப் பெண்டிர் எழுவரோடு சேர்ந்து ஊறுகாயும் பருப்புப் பொடியும் செய்து விற்கின்றார். நகரத்துக் கடை ஒன்று அவற்றை ஏற்க இசைந்தது; ஆனால் பட்டைக் குறி இன்றிப் பலகையில் ஏற்ற இயலாது என்றது. அண்ணியார்க்கு இது யாதென்று தெரியாது. தரகர் ஒருவர் வந்து சிறு தொகைக்குப் பன்னிரண்டு குறிகள் அச்சிட்ட தாளைத் தந்து சென்றார். ஒட்டி அனுப்பிய முதல் நாளே மாவடு ஊறுகாயைக் கருவிக்குக் காட்ட, திரையில் எவரோ ஒருவருடைய தலைமுடித் தைலம் என்று எழுந்தது. பிறருடைய பெயரை நம் குழந்தைக்கு இட்டது போலாயிற்று. அண்ணியார் அழவில்லை, தரகரைத் தேடினார், தரகர் அகப்படவில்லை.

பின்னர் எம் மாணவர் இருவர் துணையோடு முறைப்படி பதிவுக் கட்டணம் செலுத்தி ஜிஎஸ்1 இந்தியாவிடமிருந்து அக்குழுவினர் சொந்த எண் பெற்றனர். அத்தொகை எண்மர் கூடிச் செய்யும் தொழிலுக்குச் சிறிதன்று. புதுப்பிக்கவும் கட்டணம் உண்டு. ஒரு வார வருவாய் போயிற்று என்று அண்ணியார் கணக்கிட்டுச் சொன்னார். அதன் பின்னும் ஓர் இடையூறு நேர்ந்தது. மிளகாய் ஊறுகாய்க்கு அழகாயிருக்கட்டும் என்று கோடுகளைச் சிவப்பு மையில் அச்சிட்டனர். கண்ணுக்கு இனிதாகவே இருந்தது. கருவியோ ஒன்றையும் காணவில்லை. கருவியின் ஒளி செவ்வொளியாதலின் சிவந்த கோடு அதற்கு வெண்மையாகவே தோன்றும். ஆயிரம் சீட்டுகள் வீணாயின. கருமையில் மீண்டும் அச்சிட்டு, இருபுறமும் வெற்றிடம் விட்டு ஒட்டிய பின்னரே மாவடு தன் பெயரால் விலைபோயிற்று. இப்பொழுது மாதந்தோறும் கடையார் அனுப்பும் பட்டியலில் எவ்வூறுகாய் எத்தனை விற்றதென்று கண்டிருக்கிறது. பருப்புப் பொடியைக் காட்டிலும் நார்த்தங்காய் மிகுதியாக ஓடுகின்றது என்பதனை அண்ணியார் அப்பட்டியலைக் கண்டே அறிந்தார். எம் குடும்பத்தார் எவரும் அதனை நம்பவில்லை.

நேர்கோட்டுக் குறிக்கும் மூப்பு வந்துவிட்டது. ஜப்பானில் டென்சோ நிறுவனத்தைச் சேர்ந்த மசாஹிரோ ஹாரா என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் மோட்டார் வண்டி உறுப்புகளை எண்ணுவதற்காக 1994-இல் வகுத்த கியூஆர் என்னும் சதுரக் குறி, இன்று இளநீர் வண்டியிலும் தொங்குகின்றது. நேர்கோட்டுக் குறி ஒரு திசையிலேயே செய்தி தாங்குவது. சதுரக் குறியோ குறுக்கிலும் நெடுக்கிலும் தாங்குவது. ஆதலின் பொருளின் பெயரோடு, செய்த தொகுதியின் எண்ணும், கெடும் நாளும் அதனுள் அடங்கும். உலகெங்குமுள்ள கடைக் கருவிகள் 2027-ஆம் ஆண்டின் இறுதிக்குள் இச்சதுரக் குறிகளையும் படிக்க வல்லனவாதல் வேண்டும் என்பது ஜிஎஸ்1 அமைப்பு வகுத்த குறிக்கோள். அம்முறை பரவினால் நாள் கடந்த பால்மாவைக் கல்லாவண்டையே கருவி தடுத்துவிடும். ஐம்பது கிராம் பொட்டலத்தில் அச்சதுரம் அடங்குமா என்று அண்ணியார் அச்சகத்தாரைக் கேட்டு வரச் சொல்லியிருக்கின்றார். கறுப்பு மையில்தான் என்றும் சேர்த்துச் சொன்னார்.